தன்னைப் பற்றி ஒரு பக்கம்

சித்தூர் பயிற்சிப் பள்ளியில் கமலம்மா டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆசிரியைகளாகப் போகிற அந்தப் பெண்கள் எந்த வகுப்பில் பாடம் நடத்தினாலும் சரி, எந்த மேடையில் ஏறிப் பேசினாலும் சரி, மூன்று நாளைக்குள் ரெக்கார்டு நோட்டில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"நீ எப்படிச் செஞ்ச, எங்க கோட்ட விட்ட, அடுத்த தடவ இன்னா செய்வ. அவ்ளோதான் வேணும். கூட நின்னவங்களப் பத்தி ஒரு வரி கூடாது. அவங்க கதைய அவங்க எழுதிக்குவாங்க" என்பார்.

அப்படி ஒரு கட்டு போடாவிட்டால் பாதி நோட்டில் அடுத்தவள் மேல் புகார்தான் இருக்கும் என்பது அவருக்குப் பத்து வருஷ அனுபவம்.

தபீதாள் இரண்டு வருஷத்தில் இருபத்து மூன்று பக்கம் எழுதியிருந்தாள். எதற்கும் அரை மணிக்கு மேல் ஆனதில்லை. குரல் தெளிவாக இருந்தது, கரும்பலகை எழுத்து சற்றே சாய்ந்துவிட்டது, அடுத்த முறை நேராக எழுதுவேன் என்று பணிவும் பெருமையும் கலந்த மாதிரி எழுதிக் கொடுப்பாள். பத்துக்கு ஒன்பது வரும். இருபத்து நான்காவது பக்கம்தான் அவளை இரண்டு நாள் தூங்கவிடாமல் அடித்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம், மார்ச் மாதம். பக்கத்து ஜில்லாக்களின் பயிற்சிப் பள்ளிகளெல்லாம் திருப்பதியில் ஒரு நாள் போட்டிக்குக் கூடுவதாக ஏற்பாடு. பள்ளிக்கு ஒரு குழு. அரை மணி நேரம், தெலுங்கில், சமூகப் பாடத்தில் ஒரு தலைப்பைச் சேர்ந்து விளக்க வேண்டும். கமலம்மா 'மன ஜில்லா' என்று தலைப்புக் கொடுத்தார். நம்ம ஜில்லா. மூன்று பேரை அவரே பொறுக்கினார். தமிழ் செக்‌ஷனிலிருந்து தபீதாளும் செங்கம்மாவும், தெலுங்கு செக்‌ஷனிலிருந்து சந்திரகிரிக்காரி வெங்கடலட்சுமியும். தபீதாள்தான் தலைவி.

தபீதாளின் அப்பா அசரியா, மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊருக்குள் அவருக்கு நல்ல பெயர். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால் தபீதாளைத்தான் கூப்பிடுவார்கள். எழுதிக் கொடுத்ததைப் பிசிறில்லாமல் மனப்பாடமாகச் சொல்கிற வாய். அதே முறையில் மூன்று பேருக்கும் சேர்த்து அவளே எழுதினாள். மலை, ஆறு, கோயில்கள் வெங்கடலட்சுமிக்கு. பயிர், தொழில், எல்லை, தாலுக்காக்கள், முடிவுரை எல்லாம் தனக்கு.

"எனக்குக்கா?" என்றாள் செங்கம்மா.

செங்கம்மாவுக்குப் பதினெட்டு வயது. சொந்த ஊர் சத்தியவேட்டுப் பக்கம் ஒரு சின்ன கிராமம். அது அப்போது இன்னும் மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது, சித்தூர் ஆந்திராவில். நாராயணவனத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்ததால் இந்தப் பக்கப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். நன்றாகப் படம் வரைவாள். ஆனால் அவள் பேசுகிற தெலுங்கில் பாதி தமிழாக இருக்கும். தமிழில் பாதி தெலுங்காக இருக்கும்.

"நீ மேப்ப வரஞ்சிட்ற. அன்னிக்கி ஒரு பக்கம் புடிச்சிக்கினு நில்லு. அதுவே பெரிய வேலதான்" என்றாள் தபீதாள்.

செங்கம்மா நான்கு சார்ட் தாள்களை ஒட்டி, பின்னால் துணி வைத்துத் தைத்து, ஐந்தடிக்கு ஜில்லாப் படத்தை வரைந்து முடித்தாள். தாலுக்காவுக்கு ஒரு வர்ணம். முடித்த அன்று தபீதாளிடம் வந்தாள்.

"அக்கா, இந்த மேப் ஏப்ரல் ஒண்ணாந்தேதிக்கி மேல மாறிப்பூடும்க்கா. எல்லய மாத்தறாங்க இல்ல, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போவுது. எங்க ஊர்ப் பக்கம் இங்க வருது. அதையும் ஒரு கோடு போட்டுக் காட்டலாமா?"

"புஸ்தகத்துல எப்படி கீதோ அப்படித்தான் நாம காட்டணும். ஆவாத வேலைய இழுத்து விட்டுக்காத."

இதைச் சொல்லும்போது தபீதாள் தன் பாகத்தை ஒன்பதாவது தடவையாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கமலம்மா டீச்சரோடு காலை ரயிலில் திருப்பதிக்குப் போனார்கள். பாகாலாவில் வண்டி வெகு நேரம் நின்றது. அங்கே பிளாட்பாரத்தில் வைத்து வெங்கடலட்சுமி தபீதாளுடைய தெலுங்கை மறுபடி ஒருமுறை கேட்டு, 'ழ' வருகிற இடமெல்லாம் திருத்தினாள். "இதி தெலுங்கு, தல்லி! தேவாரம் இல்ல தாயே" என்று அவள் கையைத் தலையில் வைத்துக்கொண்டதும் மூவரும் சிரித்தார்கள். செங்கம்மா சுருட்டிய படத்தைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள்.

கூட்டம் ஒரு உயர்நிலைப் பள்ளி மண்டபத்தில். முந்நூறு பேர் இருக்கும். முன்வரிசையில் மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸ், கண்ணாடியை மூக்கின் நுனியில் இறக்கிவிட்டு அதற்கு மேலே பார்க்கிற அம்மாள்.

வெங்கடலட்சுமி தன் பாகத்தைச் சொல்லிவிட்டுப் போய்ப் படத்தின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வலது ஓரத்தில் செங்கம்மா. தபீதாள் குச்சியோடு நடுவில் வந்தாள். வேர்க்கடலை, கரும்பு, நெசவு, பால்மாடு. குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது. கடைசி வரிசைப் பெண்கள் குறிப்பு எடுப்பது அவளுக்கே தெரிந்தது. தாலுக்காக்களின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அப்போது இன்ஸ்பெக்ட்ரஸ் பென்சிலை உயர்த்தினார்.

"ஆகு அம்மாய்" என்று நிறுத்தி, தெலுங்கில் கேட்டார். "படம் நன்றாக இருக்கிறது. வருகிற ஒன்றாம் தேதிக்குப் பிறகும் இந்தக் கோடு இப்படியே இருக்குமா? எது போகிறது, எது வருகிறது? கொஞ்சம் காட்டு."

தபீதாள் எழுதி வைத்த தெலுங்கில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. திருத்தணி போகிறது என்று சொன்னாள். அது ஊரெல்லாம் பேசிக்கொண்ட விஷயம். "வருவது?" என்று அம்மாள் மறுபடி கேட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் நிற்காத வாய் அது.

"பள்ளிப்பட்டு" என்றாள்.

மண்டபத்தின் நடுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பள்ளிப்பட்டு என்கிற பெயர் ஏற்கெனவே படத்துக்குள், அவள் குச்சிக்கு நேர் கீழே, செங்கம்மா பச்சை வர்ணத்தில் எழுதிய எழுத்தில் இருந்தது. அதுவும் போகிற ஊர்தான். தபீதாளுக்கு அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் மிச்சமிருந்த தெலுங்கும் போய்விட்டது. தமிழும் போய்விட்டது. காது மட்டும் சூடாக இருந்தது.

பிறகு வலது ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் காட்றன் மேடம்."

செங்கம்மா இரண்டு மொழியையும் கலந்துதான் பேசினாள். படத்தை விடாமலே ஒரு கையால் திருத்தணியைத் தொட்டாள், பள்ளிப்பட்டைத் தொட்டாள், இது போகிறது, இதுவும் போகிறது என்றாள். பிறகு படத்தின் கிழக்கு ஓரம் வரை விரலை இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கே காகிதம் முடிந்துவிட்டது.

"வர்ற ஊருங்களுக்கு இந்தப் படத்துல எடமில்ல மேடம். அதெல்லாம் பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காவுல கீது. அதனால இப்படி வச்சிக்கலாம்" என்று தன் இடது கையையே காகிதத்தின் விளிம்போடு ஒட்டிப் பிடித்தாள். "இந்த மணிக்கட்டுகிட்ட எங்க பெரியக்காவக் கட்டிக் குடுத்த ஊரு. இங்க ஏர் மாடு வாங்கற சந்த. முழங்கைகிட்ட சத்தியவேடு. அதுக்குக் கொஞ்சம் மேல எங்க ஊரு."

மண்டபம் சிரித்தது. ஆனால் முன்னே சிரித்த சிரிப்பு இல்லை இது. இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைச் சரியாக ஏற்றிக்கொண்டு முன்னால் குனிந்தார். உங்கள் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

"எங்க நைனாவுக்கு ஒரே கவல மேடம். இத்தினி வருசமா பட்டா வேல எதுவா இருந்தாலும் பொன்னேரிக்குப் போவாரு, தமிழ்ல மனு குடுப்பாரு. இனிமே தெலுங்குல எழுத யாரத் தேடிக்கினு போறதுன்றாரு. நான் படிக்கறன் இல்ல, நான் எழுதித் தரன் நைனான்னு சொல்லிக்கினு கீறன். வீடு மாத்தல, கெணறு மாத்தல, ராஜ்யம் மட்டும் மாறப்போவுது எங்களுக்கு."

"இவ்வளவு தெரிந்த நீ முதலிலேயே ஏன் பேசவில்லை?" என்றார் அம்மாள்.

உண்மையைச் சொன்னால் ஒரே வரி. நான் சொன்னேன், அக்கா வேண்டாமென்றுவிட்டாள். அதைச் சொல்ல செங்கம்மாவுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"இது என் பாகம் மேடம். யாராச்சும் கேட்டா மட்டும் சொல்லுன்னு அக்கா சொல்லியிருந்தாங்க" என்றாள் செங்கம்மா.

அத்தோடு நிறுத்திக்கொண்டு, தபீதாள் பக்கம் திரும்பி, இனி நீதான் என்கிற மாதிரி லேசாகத் தலையசைத்தாள். தபீதாளுக்கு நாக்கு திரும்பி வந்தது. மனப்பாடம் செய்த முடிவுரையைச் சொல்லி, வணக்கம் போட்டு, இறங்கினாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் எழுந்து, "கேள்வி வரும் என்று முன்பே யோசித்து, அந்தப் பகுதிப் பெண்ணிடமே பதிலை விட்டு வைத்த தலைவியின் திட்டம் எனக்குப் பிடித்தது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சான்றிதழை வாங்கப் போனவள் தபீதாள். அதில் அவள் பெயர் மேலேயும் மற்ற இரண்டு பெயர் கீழேயும் இருந்தன.

திரும்பி வரும் ரயிலில் யாராவது அந்த விஷயத்தை எடுப்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. கமலம்மா முந்தின ஸ்டேஷனில் வாங்கிய நாளிதழில் மூழ்கியிருந்தார். வெங்கடலட்சுமி தூங்கிவிட்டாள். செங்கம்மா வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து, "ரெண்டு இட்லி துன்னுக்கா. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ" என்றாள். தபீதாள் வாங்கித் தின்றாள்.

அதன் பிறகுதான் அந்த இருபத்து நான்காவது பக்கம்.

முதலில் வழக்கம்போல எழுதினாள். குரல் தெளிவாக இருந்தது, ஒரு கேள்வியில் சற்றுத் தடுமாறினேன், குழுவின் ஒத்துழைப்பால் சமாளிக்க முடிந்தது. படித்துப் பார்த்தாள். பொய் என்று ஒரு வரியைக்கூடச் சுட்ட முடியாது. ஆனாலும் முழுப் பக்கமும் பொய்யாக இருந்தது. கிழித்தாள். இரண்டாவது தடவை தன்னைத் திட்டித் திட்டி எழுதினாள். நான் கர்வம் பிடித்தவள், தகுதியில்லாதவள். அதையும் படித்தாள். அது சர்ச்சில் சிலபேர் அழுது அழுது சொல்கிற சாட்சி மாதிரி இருந்தது. அதில் அன்று நடந்தது எதுவுமே இல்லை. அதுவும் போனது.

தன்னைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். ஆனால் அன்றைக்கு அவள் செய்தது என்ன? ஒரு பெண்ணைப் பேசவிடாமல் செய்தாள். அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் தாங்கிப் பிடித்தபோது அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். அவளுக்குச் சேர வேண்டிய கைதட்டலைத் தான் வாங்கிக்கொண்டாள். செங்கம்மாவை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றுமே மிஞ்சவில்லை.

மூன்றாவது தடவை நடந்ததை நடந்தபடி எழுதினாள். பள்ளிப்பட்டு என்று உளறியதை எழுதினாள். படத்தை மாற்றலாமா என்று செங்கம்மா கேட்ட நாளையும், தான் தலை நிமிராமல் சொன்ன பதிலையும் எழுதினாள். திட்டம் என்று நடுவரம்மாள் பாராட்டியது திட்டமே அல்ல என்று எழுதினாள். வெங்கடலட்சுமி பாகாலாவில் திருத்தியிராவிட்டால் நல்லபடியாகப் போன முதல் பாதியும் போயிருக்காது என்று எழுதினாள். கடைசியில் 'அன்று நான் விழாமல் நின்றேன் என்றால், தன்னைக் குறைத்து மதித்தவள் என்று எண்ணாமல் ஒருத்தி கை கொடுத்ததால்தான். அந்த நன்றியைச் சொல்லாமல் என்னைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை' என்று முடித்தாள். ஒன்றேகால் பக்கம் வந்துவிட்டது.

மை காய்ந்த பிறகுதான் ஒரு சிக்கல் மனதில் பட்டது. இதைக் கொடுத்தால் செங்கம்மா நடுவரிடம் பொய் சொன்னாள் என்பதும் சேர்ந்தல்லவா வெளியே வரும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்ததும் நேரே பள்ளி விடுதிக்குப் போனாள். செங்கம்மா கிணற்றடியில் புடவை அலசிக்கொண்டிருந்தாள். தபீதாள் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து பக்கத்தை முழுக்கப் படித்துக் காட்டினாள். செங்கம்மா புடவையைப் பிழிந்தபடியே கேட்டாள்.

"இன்னாக்கா, நான் பொய் சொன்னன்னு டீச்சருக்கு எழுதிக் குடுக்கப் போறியா?" என்று சிரித்தாள்.

"அதக் கேக்கத்தான் வந்தன். நீ வேணான்னா அந்த வரிய அடிச்சிட்றன்."

"அடிக்காத. நான் சொன்னது பொய்தான." புடவையின் ஒரு முனையைத் தபீதாளிடம் நீட்டினாள். இருவருமாக முறுக்கினார்கள். "ஆனா நீ எழுதிகீற மாதிரி நான் அவ்ளோ நல்லவ இல்லக்கா. நீ முழிச்சிக்கினு நின்னதும் எனக்கு மார்க் கவலதான் வந்துச்சி. மூணு பேருக்கும் சேத்துல்ல மார்க் போவும்? அதான் பேசிட்டன். அப்பறம்..."

"அப்பறம்?"

"எனக்கும் பேசணும்னு ஆசையா இருந்துச்சி. அன்னிக்கி மேப் வரஞ்சி முடிச்சதுலேர்ந்தே. நீ எனக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா அதத்தான் நெட்டுரு போட்டுக்கினு இருந்திருப்பன். ஒண்ணும் குடுக்காததால எனக்கு மறக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல பாரு."

தபீதாள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. புடவை ஈரத்தில் அது தெரியவில்லை.

"செங்கம்மா, நீ செஞ்சது எனக்கு ரொம்பப் பெருசு. அன்னிக்கே ரயில்ல சொல்லியிருக்கணும். வாய் வரல."

"இப்ப வந்துடுச்சில்ல. நல்லா முறுக்குக்கா, தண்ணி சொட்டுது."

திங்கட்கிழமை நோட்டுகளைக் கொடுத்தார்கள். புதன்கிழமை திரும்பி வந்தன. கமலம்மா தபீதாளின் பக்கத்தில் சிவப்பு மையால் ஒன்பது என்று போட்டு, அதை அடித்து ஏழு என்று போட்டிருந்தார். ஓரத்தில் 'கூட நின்றவர்களைப் பற்றி ஆறு இடத்தில். விதி தெரியாதா?' என்று இருந்தது. செங்கம்மாவுக்கும் ஏழு. அவள் எழுதியிருந்தது ஐந்தே வரி. 'நான் பேசியது மிக வேகமாக இருந்தது. தெலுங்கில் தமிழ் கலந்துவிட்டது. நடுவரிடம் ஒரு பொய் சொன்னேன். அடுத்த முறை முன்னாலேயே எனக்கும் ஒரு பாகம் வேண்டும் என்று கேட்டு வாங்குவேன். அக்காவின் எழுத்தைப் பார்த்து எழுதித்தான் என் தெலுங்கு எழுத்து ஒழுங்கானது.' கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

வகுப்பு முடிந்து போகும்போது கமலம்மா வாசலில் நின்றார். "இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்கு ஒரு கடுதாசி போட்டுட்டன். படம் வரஞ்சதும் பதில் சொன்னதும் யாருன்னு எழுதியிருக்கறன். பரிசு பரிசுதான், அத யாரும் திருப்பிக் கேக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. தபீதாளுக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் வாங்கிய ஒன்பதுகளில் ஒன்றும் அந்த ஏழு மார்க்கைப் போல நெஞ்சை லேசாக்கியதில்லை.

அன்று மாலை வீட்டில் குடும்ப ஜெபம். விளக்கேற்றியதும் எல்லோரும் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்று சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவது அவர்கள் வீட்டுப் பழக்கம். அம்மா, காய்ச்சல் விட்ட தம்பிக்காகச் சொன்னாள். அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த மருந்துப் பெட்டிகளுக்காகச் சொன்னார். தபீதாள் வழக்கமாக, படிப்புக்காக ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். அன்று அப்படி முடியவில்லை.

"செங்கம்மாவுக்காக ஸ்தோத்திரம். வெங்கடலட்சுமிக்காக. கமலம்மா டீச்சருக்காக. அன்னிக்கி அந்தக் கேள்வியக் கேட்டாங்களே, அந்த அம்மாவுக்காகவும்" என்றாள்.

ஆமென் சொல்லி முடித்ததும் அசரியா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"யாரும்மா அது, செங்கம்மா? நம்ம சபையில அப்படி யாரும் இல்லியே."

"எங்கூடப் படிக்கறவப்பா. சத்தியவேட்டுப் பக்கம். வர்ற மாசத்துலேர்ந்து நம்ம ஜில்லா" என்றாள் தபீதாள். "அவள ஒரு ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்குக் கூப்புடலாமாப்பா?"

"கூப்புடு, அதுக்கென்ன" என்றாள் அம்மா, தட்டுகளை எடுத்து வைத்தபடி. "இந்த வாரமே வரச் சொல்லு."